அணை உடைந்த ஊர் உணர்த்தும் பாடம்

உலு சிலாங்கூர் மாவட்டத்தில் கோலகுபு பாருவுக்கு அருகில் அம்பாங் பெச்சா என்னும் ஊர் உளது. மலாய் மொழியில் இப்பெயர் உடைந்த அணை எனப் பொருள்படும். பழைய கோலகுபு நகரம் இருந்த இடம் இதுவே. 1883-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள் இரவு, ஊருக்கு மேலிருந்த பழைய அணை உடைந்தது. வெள்ளம் ஊரை வாரிச் சென்றது. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் உயிரிழந்தார்.

இத்துணை அழிவு கண்டும் ஊர் இடம் பெயரவில்லை. ஈயத் தொழிலும், பகாங் செல்லும் சாலையும், பின்னர் வந்த இரயிலும் மக்களை அங்கேயே நிறுத்தின. ஈயச் சுரங்க மணல் படிந்து ஆற்றுப் படுகை உயர்ந்தது. வெள்ளமும் மீண்டும் மீண்டும் வந்தது. 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின்னரே, நகரமைப்பு வல்லுநர் சார்லஸ் ரீட் வகுத்த திட்டப்படி மேட்டு நிலத்தில் கோலகுபு பாரு எழுந்தது. அணை உடைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

இத்தாமதத்தின் காரணம் யாது? வெள்ளம் வடிந்த ஒவ்வொரு முறையும் மக்கள்முன் நின்ற கேள்வி சிறியது: கடையைச் செப்பனிடுவதா, அனைத்தையும் விட்டுப் போவதா? செப்பனிடும் செலவே குறைவு. தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு முடிவும் நேரியதே. தொடர்ந்து நோக்கினால்தான் இழப்பின் அளவு புலப்படும். மேலும், இது ஒரே தாயத்தை மீண்டும் மீண்டும் உருட்டும் ஆட்டம் அன்று. படுகை உயர உயர அடுத்த வெள்ளத்தின் இடரும் உயர்ந்தது.

இழந்தவன் மனத்தை அறிஞர் ஆராய்ந்துளர். ஈட்டிய மகிழ்ச்சியினும் அதே அளவு இழந்த துன்பம் பெரிதாகத் தோன்றும் என 1979-இல் டேனியல் கானமனும் ஆமோஸ் டிவெர்ஸ்கியும் காட்டினர். இழந்தவன் பொதுவாக அஞ்சி ஒதுங்குவான். ஆயினும் இழந்ததை முழுதும் மீட்கும் வாய்ப்பொன்று தென்படின் துணிந்து இறங்குவான் என்று 1990-இல் ரிச்சர்ட் தாலரும் எரிக் ஜான்சனும் கண்டனர். தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. இழக்குந்தோறும் சூதின்மேல் காதல் வளர்வதைச் சூது அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் உவமையாக வைத்துள்ளார் அன்றோ?

எனினும், பழியை மனத்தின்மேல் மட்டும் சுமத்துதல் நடுவுநிலை ஆகாது. கோலகுபு மக்கள் பெயர்ந்தது, பெயர்வதற்கு ஓர் ஊர் அமைக்கப்பட்ட பின்னரே. நம் தோட்டங்கள் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும், 'இன்னும் ஓராண்டு பார்ப்போம்' என்று லயத்திலேயே தங்கிய குடும்பங்களைத் தோட்டப் பள்ளி ஆசிரியர் பலர் அறிவர். அவர்களை அறியாதவர் என்று சொல்லிவிடுதல் எளிது; அவர்கள் போவதற்கு இடம் எங்கே இருந்தது என்று கேட்பவர் சிலரே.

ஆதலின் மாணவர்க்கு இரண்டைக் கற்பிப்போம். போனதைக் கணக்கில் சேர்க்காமல், இன்று புதிதாகத் தொடங்குபவன் போல் எண்ணிப் பார்த்தல் ஒன்று. 'போ' என்று சொல்லும் முன்னர்ப் போகும் வழியைக் காட்டல் மற்றொன்று.