கைச் சைகையைத் தசையிலிருந்தே அறிவது எப்படி? ஈஎம்ஜி சென்சாரும் மைக்ரோகன்ட்ரோலரும் இணைந்து செயல்படும் விதம்

முழங்கைக்குக் கீழே கையை இழந்த ஒருவர், இல்லாத விரல்களை மடக்க முயலும்போதும் முன்கையில் எஞ்சியுள்ள தசைகள் சுருங்குகின்றன. அப்போது எழும் மின்சமிக்ஞையைத் தோலின் மேலிருந்தே அளந்து, செயற்கைக் கையை இயக்க முடியும். 'ஈஎம்ஜி' எனப்படும் இத்தொழில்நுட்பத்தின் எளிய வடிவத்தை, பொறியியல் மாணவர்கள் ஒரு சென்சாரையும் மைக்ரோகன்ட்ரோலரையும் கொண்டே உருவாக்கலாம்.

முன்கையில் பொருத்துவது ஏன்?

விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசைகள் இல்லை. விரல்களை வலுவாக மடக்கவும் நீட்டவும் செய்யும் தசைகள் முன்கையில் அமைந்து, தசைநாண்கள் வழியாக விரல் எலும்புகளை இழுக்கின்றன. மடக்கும் தசைகள் முன்கையின் உட்புறத்திலும், நீட்டும் தசைகள் வெளிப்புறத்திலும் உள்ளன. எனவே இரு புறமும் ஒவ்வொரு சென்சாரைப் பொருத்தினாலே, கையை மூடுதல், விரித்தல், ஓய்வு ஆகிய நிலைகளைப் பெரும்பாலும் பிரித்தறியலாம்.

சென்சாரின் பணி

தோலின் மேல் கிடைக்கும் தசைச் சமிக்ஞை சில மில்லிவோல்ட் அளவைத் தாண்டுவது அரிது. பரவலாகப் பயன்படும் ஆர்டுயினோ ஊனோ பலகை, 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரித்து அளக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். பெருக்காமல் அனுப்பினால், சமிக்ஞை ஒரு படியைக்கூட எட்டாமல் போகலாம். ஆகவே சென்சாரில் உள்ள பெருக்கி அதைப் பல நூறு மடங்குக்கு மேல் உயர்த்துகிறது.

தசைச் சமிக்ஞையின் பெரும்பகுதி 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் அமைகிறது. இந்தியாவின் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதே எல்லைக்குள் வருவதால், அதை நீக்கத் தனி வடிகட்டி தேவைப்படுகிறது.

மைக்ரோகன்ட்ரோலர் செய்யும் கணக்கு

சமிக்ஞை சிதையாதிருக்க, விநாடிக்கு குறைந்தது 1,000 முறையாவது அதை அளக்க வேண்டும். 200 மில்லிவிநாடிக்கு ஒரு தொகுப்பு எனக் கொண்டால், 200 அளவுகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் 2 பைட் எனில் தேவை 400 பைட். ஊனோவின் 2 கிலோபைட் நினைவகத்துக்கு இது அடங்கும். ஒவ்வொரு தொகுப்பின் சராசரி வலிமையையும் கணக்கிட்டு, முன்பே குறித்த வரம்போடு ஒப்பிட்டுச் சைகை எது என நிரல் முடிவு செய்கிறது. சைகைகளின் எண்ணிக்கை கூடினால், கூடுதல் சென்சார்களும் இயந்திரக் கற்றல் முறையும் தேவைப்படும்.

தாமதமும் முக்கியம். தசை சுருங்கியதற்கும் செயற்கைக் கை அசைவதற்கும் இடையே சுமார் 300 மில்லிவிநாடிக்கு மேல் கடந்தால், கை தம் விருப்பப்படி இயங்கவில்லை என்ற உணர்வு பயனருக்கு ஏற்படுகிறது.

தடுமாற்றம் எங்கே?

சென்சார் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும், வியர்வை படிந்தாலும், தசை களைத்தாலும் சமிக்ஞை மாறுகிறது. ஒருவருக்குப் பொருந்தும் வரம்பு மற்றொருவருக்குப் பொருந்துவதில்லை. ஆய்வக மேசையில் பிழையின்றி இயங்கும் கருவி, அன்றாட வாழ்வில் கோப்பையை நழுவ விடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். எனவே ஒவ்வொரு முறை அணியும்போதும் பயனரை ஓய்வாக இருக்கச் செய்தும், பின்னர் கையை இறுக மூடச் செய்தும் வரம்பைப் புதிதாகக் குறிப்பது நல்லது.

பயன்பாடு

தசை மின்சாரத்தால் இயங்கும் செயற்கைக் கை, ஜெர்மனியில் 1940-களில் முதன்முதலாக உருவாக்கப்பட்டது. மெட்டா நிறுவனம் 2025-இல் தனது திரையுள்ள கண்ணாடியுடன் வெளியிட்ட மணிக்கட்டுப் பட்டையும் இதே அடிப்படையில் விரலசைவை அறிகிறது.

கவனிக்க வேண்டியவை

மின்முனைகள் உடலோடு இணைந்திருப்பதால், சோதனையின்போது கருவியை பேட்டரியிலேயே இயக்க வேண்டும். மின் இணைப்பில் உள்ள கணினியுடன் நேரடியாக இணைப்பதைத் தவிர்க்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி இச்சோதனையில் ஈடுபடக் கூடாது.