வாவியின் இரு கரைகளும் பற்பரிசோதனையும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

நோய் வந்தபின் வைத்தியரை நாடுதல் தொன்மையான வழக்கம். நோய் வெளித்தோன்றுமுன்னரே குறித்த கால இடைவெளியில் பற்களைப் பரிசோதித்துக்கொள்ளுதல் அண்மைக்கால வழக்கம். முன்னையதற்கு வலியே போதிய தூண்டுதலாகும். பின்னையதற்கோ பாடசாலையும் போக்குவரத்தும் பயிற்றப்பட்ட ஊழியரும் கூலி இழக்காத ஒரு நாளும் வேண்டும். ஆகவே, ஒழுங்கான பற்பரிசோதனையைத் தனிமனிதரின் நற்பழக்கமாக மட்டும் கொள்ளாது, ஒரு சமூக நிறுவனமாகக் கொண்டு ஆராய்தல் பொருத்தமுடையது. அவ்வாய்வுக்கு மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் தக்கதொரு களமாகும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி, பிரதேசத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பிரிக்கின்றது. நகரமும் பெரிய வைத்தியசாலைகளும் பிரபல பாடசாலைகளும் எழுவான்கரையை ஒட்டி வளர்ந்தன. நெல்லும் பாலும் தந்த படுவான்கரை அவ்வசதிகளுக்கு வாவியைக் கடக்கவேண்டியிருந்தது. சில இடங்களிற் பாலங்கள் அமைந்தபோதிலும், மண்முனை, குருமண்வெளி முதலிய துறைகளில் 'பாதை' எனப்படும் மிதவையே நெடுங்காலம் துணைநின்றது. மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது 2014 ஆம் ஆண்டிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது.

பாதைக்குக் காத்திருந்து, பேருந்தேறி, வரிசையில் நின்று திரும்பும் வேளாண்மைக் கூலியாளருக்குப் பற்சிகிச்சையின் விலை ஒரு நாள் உழைப்பாகும். வலி பொறுக்கமுடியாத நிலையிலேயே அவர் புறப்படுவார். அந்நிலையிற் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதன்றி வேறு வழி இராது. இதனை 'அறியாமை' என்று பெயரிடுவோர் வாவியின் அகலத்தைக் கணக்கிடுவதில்லை.

பற்களைப் பேணும் அறிவு இம்மக்களிடம் இல்லாதிருக்கவில்லை. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் உமிக்கரியும் பல் துலக்க உதவின. கராம்பு வலியைத் தணித்தது. ஆயின், இரு பற்களுக்கிடையே தொடங்கும் சொத்தையையோ முரசின்கீழ் எலும்பு கரைவதையோ இவை காட்டமாட்டா. அவற்றைக் காணவேண்டிய தேவையிலேயே நவீன பரிசோதனை பிறக்கின்றது.

இலங்கையிற் பல் வைத்தியப் பட்டக்கல்வி 1943 இற் கொழும்பில் ஆரம்பமாகி 1954 இற் பேராதனைக்கு மாற்றப்பட்டது. எனினும், பொதுமக்களைப் பொறுத்தவரை அதனினும் முக்கியமானது பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவையாகும். நியூசிலாந்து 1921 இற் பற்தாதியரைப் பயிற்றத் தொடங்கியது. 1950களிற் கொழும்புத் திட்டத்தின்கீழ் அந்நாட்டின் உதவியுடன் மகரகமவில் அத்தகைய பயிற்சி நிலைபெற்றது. பிள்ளை வைத்தியசாலையைத் தேடிச் செல்வதற்குப் பதிலாகச் சிகிச்சை பாடசாலையைத் தேடி வரலாயிற்று. 1945 இன் இலவசக் கல்வி பிள்ளைகளைப் பாடசாலையில் ஒன்றுதிரட்டியிராவிடில் இது இயன்றிராது. ஆயின் இச்சேவை பதின்மூன்று வயதளவில் முடிவுற்றுவிடும். அதன்பின் வளர்ந்தோரை அழைத்துப் பார்க்கும் நிறுவனம் எதுவும் இருக்கவில்லை. 1983 இல் மூண்ட போரோ வாவியையே எல்லைக்கோடாக்கிற்று. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. கடப்பதற்கே அனுமதி வேண்டிய காலத்தில், வலியில்லாத பல்லைக் காட்டக் கடப்பவர் யார்?

பரிசோதனை இல்லாதவிடத்து நிகழ்வதைக் காட்டும் சான்று மலையகத்தில் உண்டு. நோர்வே அறிஞர் ஹரால்ட் லோவும் குழுவினரும் 1970 முதல் 1985 வரை, எவ்விதப் பற்சிகிச்சையும் பெற்றிராத 480 தமிழ்த் தோட்டத் தொழிலாளரை ஆராய்ந்தனர். நாற்பது வயதை அணுகுகையில் ஒஸ்லோவின் கல்வியாளரிடையே பல்லைப் பற்றியிருக்கும் இழையம் சராசரியாக 1.5 மில்லிமீற்றர் அளவே இழக்கப்பட்டிருந்தது. தோட்டத் தொழிலாளரிடையே அது 4.5 மில்லிமீற்றர். உலகப் பல் வைத்தியம் இவ்வாய்வினாற் பெரும்பயன் எய்தியது. வறியவரின் வாய் விஞ்ஞானத்துக்குத் தரவாகிய அளவுக்கு அரசின் கடமையாகவில்லை என்பதும் இதனாற் புலனாகின்றது.

ஊடுகதிர்ப் படத்தின் வரலாற்றையும் ஈண்டு நோக்கலாம். 1895 இல் றொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறுவருடத் தொடக்கத்திலேயே ஜேர்மனியப் பல் வைத்தியர் வால்கொவ் 25 நிமிடம் கதிர்ப்படுத்திப் பற்களைப் படமெடுத்தார். இன்று அதற்கு ஒரு வினாடியிற் சிறு பங்கு போதும். ஆயினும் கதிர்வீச்சு தீங்கற்றதன்று. ஆண்டுதோறும் அனைவரையும் படமெடுக்காது, வாயைப் பார்த்தபின் தேவைக்கேற்ப எடுப்பதே இன்றைய நெறி. பரிசோதனைக்கும் 'ஆறு மாதம்' என்ற மாறாவிதி இல்லை. பெரியவர்களுக்கு நோயபாயத்தைப் பொறுத்து மூன்று முதல் இருபத்துநான்கு மாதம் வரை இடைவெளி அமையலாமெனப் பிரித்தானிய வழிகாட்டல் 2004 இல் வகுத்தது.

கருவியினும் கண் முந்தியது என்பதற்கு இப்பிரதேசத்தின் வெற்றிலைப் பழக்கம் சான்று. வட்டாவில் வெற்றிலை வைத்து உபசரிப்பது இங்கு தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரதும் பண்பாடு. ஆயின், பாக்கு தன்னளவிலேயே புற்றுநோய் விளைவிப்பதெனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகின்றது. வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களைப் பெரிதும் தாக்கும் நோய்களுள் ஒன்று. அதற்கு முன்னோடியான வெண்படலமும் செம்படலமும் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியை நம்பியிருப்பவர் இங்கு பல்லை மட்டுமன்றி உயிரையும் இழக்க நேரும். பயிற்றப்பட்ட கிராமியச் சுகாதார ஊழியர் இப்படலங்களை இனங்காண முடியுமென்பதை 1980களில் இலங்கையிலேயே நடந்த ஆய்வு மெய்ப்பித்தது. அதற்கு வேண்டியவை வெளிச்சமும் சிறு ஆடியும் பயின்ற கண்ணுமே.

தொகுத்து நோக்கின், வாவிப் பிரதேசத்திற் பற்பரிசோதனையின் வரலாறு, சேவை எக்கரையில் நிற்கின்றது என்ற வினாவின் வரலாறேயாகும். பாடசாலைச் சேவை வெற்றிகண்டது, அது மக்களிடம் சென்றதனால். அதே நெறியை வளர்ந்தோர்க்கும் விரித்து, ஊடுகதிர்க் கருவியை நகரிலும் பயின்ற கண்ணைக் கிராமத்திலும் வைத்தலே நாம் இவ்வரலாற்றிலிருந்து பெறும் பாடம். பாலம் அமைந்துவிட்டது. இனி அதனைக் கடக்கவேண்டியது நோயாளர் மட்டுமல்லர்.