முழுநேரப் பணிக்கும் பணி ஓய்வுக்கும் இடையே: தோட்டப்புறம் சொல்லும் வரலாறு



ஐம்பது வயதை நெருங்கும் நண்பர்கள் பலர் இந்நாளில் ஒரே வினாவை எழுப்புகின்றனர். முழுநேர வேலையை விட்டுச் சில ஆண்டுகள் பாதி நேரம் மட்டும் உழைத்து, அதன்பின் முன்கூட்டியே ஓய்வு பெற்றால் என்ன என்பதே அவ்வினா. உடல்நலக் குறைவு, முதிய பெற்றோரைப் பேண வேண்டிய கடமை, நீண்டகாலப் பணிச்சோர்வு எனக் காரணங்கள் பல. இது புதுக்காலத்தின் எண்ணம் போலத் தோன்றினும், இதன் வேர் நம் தோட்டப்புற வரலாற்றில் இருக்கின்றது.

தோட்டத்தில் முதுமை

மலாயாவின் ரப்பர் வரலாற்றில் காஜாங்கிற்குத் தனியிடம் உண்டு. 1890-களின் நடுப்பகுதியில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இங்குள்ள இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டனர். நாட்டில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடப்பட்ட தொடக்க இடங்களுள் அதுவும் ஒன்று. அத்தொழில் பெருகப் பெருகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர்.

விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்கு வடியும். ஆதலால் இருள் விலகுமுன்பே பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, நிரைக்குச் சென்று மரம் சீவ வேண்டும். கண்பார்வையும் கைப்பிடியும் தளர்ந்துவிட்டால் உளி ஆழமாக இறங்கி மரப்பட்டையைக் காயப்படுத்திவிடும். அவ்வாறு தளர்ந்தவர்கள் புல்வெட்டுக்கும் களையெடுப்புக்கும் அனுப்பப்பட்டனர். மூதாட்டியர் சிலர் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டனர். நம் முன்னோர் கண்ட படிப்படியான ஓய்வு இதுதான்.

ஆயினும், இது உரிமையன்று, வழக்கம் மட்டுமே. வேலை இலகுவானால் கூலியும் குறைந்தது. இலகுவான வேலை கிடைப்பதும் கிடைக்காததும் கங்காணியின், தோட்ட நிர்வாகியின் மனத்தைப் பொறுத்திருந்தது. எந்த வேலையும் செய்ய இயலாதவர்க்கு எஞ்சியது கப்பல் பயணமே. 1907-இல் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதி, தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவரும் செலவை மட்டுமன்றி, முதியோரையும் நோயாளிகளையும் திருப்பியனுப்பும் செலவையும் ஏற்றது. 1930-களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம் வந்தபோது, உழைக்கும் வலிமையுள்ளோரும் பெருந்திரளாகத் திருப்பியனுப்பப்பட்டனர். ஒருவர் வாழ்நாள் முழுவதும் உழைத்ததற்கு ஈடாக ஊருக்குத் திரும்பும் பயணச்சீட்டு ஒன்றே கிடைத்த காலம் அது.

சேமநிதியும் 55 வயதும்

இந்நிலையை மாற்றிய பெருந்திருப்பம் 1951-இல் நிறுவப்பட்ட ஊழியர் சேமநிதி வாரியம். தொடக்கத்தில் தொழிலாளியிடமிருந்து 5 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 5 விழுக்காடும் சந்தாவாகப் பெறப்பட்டன. 55 வயதில் அத்தொகையைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

55 என்னும் எண்ணை அக்காலச் சூழலோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டில், பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஆண்களுக்கு ஏறத்தாழ 56, பெண்களுக்கு ஏறத்தாழ 58 ஆக இருந்தது. இன்று ஆண்களுக்கு 70-ஐயும் பெண்களுக்கு 75-ஐயும் தாண்டிவிட்டது. ஆயுள் நீண்டதால் ஓய்வு வயதும் நகர்ந்தது. அரசு ஊழியர்க்கு அது 2001-இல் 56 ஆகவும், 2008-இல் 58 ஆகவும், 2012-இல் 60 ஆகவும் உயர்ந்தது. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்னும் சட்டம் 2013 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

இவையனைத்தும் ஓய்வென்னும் வாயிலை நகர்த்தினவேயன்றி, அவ்வாயிலுக்கு முன் ஒரு படியை அமைக்கவில்லை. ஆசிரியர்கள் நிலையும் இதுவே. 40 வயது நிரம்பிய அரசு ஊழியர் விருப்ப ஓய்வு பெறலாம். ஆனால் பணியில் இருந்துகொண்டே பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டு ஓய்வை நோக்கிச் செல்லும் பொதுவான திட்டம் நமக்கு இல்லை.

பிற நாடுகள் கண்டது

சுவீடன் இப்படியை 1976-இல் சட்டத்தின்வழி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 60 முதல் 64 வயதுவரை உள்ளோர் பணிநேரத்தைக் குறைத்துக்கொண்டால், இழந்த ஊதியத்தில் 65 விழுக்காட்டை அரசுத் திட்டம் ஈடுசெய்தது. செலவு மிகுந்ததால் அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது.

ஜெர்மனியில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் 55 வயதைக் கடந்தோர்க்குப் பாதிநேரப் பணிக்கு வழிவகுத்தது. ஆனால் பெரும்பாலோர் முதற்பாதிக் காலத்தில் முழுநேரம் உழைத்துவிட்டு, மறுபாதிக் காலத்தில் பணிக்கே வாராதிருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தனர். படியாக அமைத்ததை மக்கள் முன்வாயிலாகவே பயன்படுத்தினர் எனலாம்.

இன்றைய சட்டமும் ஒரு கணக்கும்

மலேசியாவில் பகுதிநேரப் பணியாளர் விதிமுறைகள் 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அதே பணியிலுள்ள முழுநேர ஊழியரின் வழக்கமான நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேலும் 70 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் உழைப்பவர் பகுதிநேரப் பணியாளர் ஆவார். அவர்க்கு ஆண்டு விடுப்பும் மருத்துவ விடுப்பும் விகிதப்படி உண்டு. 2023 ஜனவரி முதல், நெகிழ்வான பணிநேரம் கோரி முதலாளிக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். கேட்கும் உரிமை கிடைத்துள்ளது. பெறும் உறுதி கிடைக்கவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 4,000 ரிங்கிட் ஊதியம் பெறும் ஒருவர்க்குத் தம் பங்கு 11 விழுக்காடும் முதலாளி பங்கு 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 960 ரிங்கிட் சேமநிதியில் சேர்கிறது. பாதி நேரத்திற்கு மாறி 2,000 ரிங்கிட் பெற்றால் சேர்வது 480 மட்டுமே. ஐந்தாண்டில் இழப்பு 28,800 ரிங்கிட்; இலாப ஈவு இதில் சேராது. சேமநிதியை 50 வயதில் ஒரு பகுதியாகவும் 55 வயதில் முழுமையாகவும் எடுக்கலாம். அதை விரைந்து எடுத்துவிட்டால், எஞ்சிய இருபது ஆண்டுகளுக்கு எது துணை?

உடல் தளரும்போது வேலையைக் குறைத்துக்கொள்வதில் குற்றமேதுமில்லை. அது இயற்கையின் நியதி. தோட்டத்து முதியவர்க்குக் குறைந்த வேலையோடு குறைந்த கூலியும் பாதுகாப்பின்மையும் சேர்ந்தே வந்தன. அவர்க்கு வேறு தெரிவும் இல்லை. நமக்குத் தெரிவு உண்டு. ஆதலின் பாதிநேரத்திற்கு மாற எண்ணுவோர் கடனை முதலில் அடைத்து, குறையும் சேமிப்பைத் தாமே ஈடுசெய்யும் வழியை வகுத்துக்கொண்டு, முதலாளியிடம் பெறும் இணக்கத்தை எழுத்தில் வாங்கிய பின்னரே மாறுதல் நன்று.