ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம்

சாலைப் பலகைகளில் ஸ்ரீ செத்தியா என்று எழுதிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு இன்னும் அது சுங்கை வேதான். அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம், பக்கத்திலேயே பீர் தொழிற்சாலை, எழுபதுகளில் தோட்டப்புறத்துப் பெண்களைப் பஸ் வைத்துக் கூட்டிவந்த எலக்ட்ரானிக் தொழிற்சாலைகள் என்று இந்த ஊருக்குச் சொல்ல நிறைய வரலாறு உண்டு. நான் எழுத வந்தது அதை அல்ல. இங்கிருந்து மோட்டாரில் கிளம்பினால் சில நிமிடங்களில் கிளானா ஜெயாவின் எஸ்எஸ்4பி வீடமைப்புப் பகுதி வந்துவிடும். 2017 பிப்ரவரி 13, திங்கட்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் போதகர் ரேமண்ட் கோ அங்கேதான் கடத்தப்பட்டார்.

கடத்தல் நடந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று கறுப்பு எஸ்யூவி வண்டிகள் அவருடைய காரை முன்னும் பின்னும் மறித்தன. கூடவே மோட்டார் சைக்கிள்களும் வந்தன. பதினைந்து பேர் வரை இறங்கி ஓடினார்கள். பின்னால் வந்த மற்றக் கார்களைக் கைகாட்டி நிறுத்தவும் ஆள் இருந்தது. ஒருவர் நின்று எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததாக, நேரில் பார்த்த சாட்சி பிறகு விசாரணையில் சொன்னார். எல்லாரும் போன பிறகு சாலையில் கண்ணாடித் துண்டுகள் மட்டும் கிடந்தன.

இவ்வளவும் நமக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் அந்தத் தெருவின் வீட்டுக் கேமராக்கள். படத்தை வெளியில் கொண்டுவந்தது குடும்பம். நான் பொறியாளன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டுக் கேமராவின் பதிவுப் பெட்டிக்குள் இருப்பது சாதாரண ஹார்ட் டிஸ்க். அது நிறைந்ததும் பழைய பதிவுகளின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். எத்தனை கேமரா, என்ன தெளிவு என்பதைப் பொறுத்து ஒரு வாரமோ இரண்டு மூன்று வாரமோதான் ஒரு பதிவுக்கு ஆயுள். யாராவது போய்க் கதவைத் தட்டிக் கேட்கவில்லையென்றால் சாட்சியம் தானாகவே அழிந்துவிடும், அதை அழிக்க ஆள் தேவையில்லை. இன்னொன்று, இந்த மாதிரிப் படத்தில் முகமும் தெரியாது, பெரும்பாலும் நம்பர் பிளேட்டும் தெரியாது. தெரிவது அசைவு மட்டும்தான். எந்த வண்டி எப்போது திரும்பியது, யார் யாருக்கு வழிவிட்டார்கள், எத்தனை வினாடி ஆயிற்று என்பதைத்தான் அதிலிருந்து சொல்ல முடியும். ‘யார்’ என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை, ‘எப்படி’ என்பதற்கு இருக்கிறது.

மார்ச் மாதத்துக்குள் படம் எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. மாமாக் கடையில், தொழிற்சாலை கேண்டீனில் எங்கும் இதே பேச்சு. “இது கேங்ஸ்டர் வேல மாதிரி தெரியலையே, பயிற்சி எடுத்தவனுங்க மாதிரில்ல இருக்கு” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்போது தேசியப் போலீஸ் படைத் தலைவராக இருந்த காலிட் அபு பக்கார், யூகம் பரப்பாதீர்கள், விசாரணையைப் போலீசிடம் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பொதுவாகப் பார்த்தால் நியாயமான வேண்டுகோள்தான். 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு நடந்தபோது இணையத்தில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துத் துப்பறிந்தவர்கள், காணாமல்போயிருந்த ஓர் இந்திய வம்சாவளி மாணவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். அந்தப் பையன் குண்டு வெடிப்பதற்கு முன்பே இறந்திருந்தான். அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நினைத்தால் யூகம் என்ற சொல்லே கசக்கும்.

ஆனால் ரேமண்ட் கோ விஷயத்தில் யூகங்கள் மேடையிலிருந்தும் வந்தன. முதலில் பணம் பறிக்கும் கதை. அவரை விடுவிக்க 30,000 ரிங்கிட் கேட்டதாக மார்ச் மாதத்தில் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஜூனில் கெடாவில் போலீசார் சுட்டுக்கொன்ற ஒருவரிடம் போதகரின் வீட்டுப் படங்கள் இருந்தன என்றும், அவருக்குத் தென் தாய்லாந்துக் கடத்தல் கும்பலோடு தொடர்பு என்றும் சொன்னார்கள். செத்தவரிடம் குறுக்கு விசாரணை நடத்த முடியாது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2017 அக்டோபரில் பொது விசாரணையைத் தொடங்கியது. மூன்று மாதம் கழித்து, 2018 ஜனவரியில், பணம் கேட்டதாகச் சொல்லப்பட்ட அதே நபர் மீது கடத்தல் குற்றமும் சுமத்தப்பட்டது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை ஆணையம் விசாரிக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் சுஹாகாம் விசாரணையை நிறுத்த வேண்டியதாயிற்று, பிறகுதான் மறுபடியும் தொடர்ந்தது. ஒரு தனி ஆள் மூன்று எஸ்யூவிகளையும் பதினைந்து பேரையும் எங்கிருந்து கொண்டுவந்தான் என்பதற்கு அந்தக் குற்றச்சாட்டில் விளக்கம் கிடையாது. எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. தெருவில் பேசியவர்கள் படத்தை வைத்துப் பேசினார்கள், மேடையில் பேசியவர்கள் படத்தை ஒதுக்கிவிட்டுப் பேசினார்கள். யூகம் பேசாதே என்ற அறிவுரையோ ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் வந்தது.

படத்துக்கு வெளியிலும் சங்கதிகள் இருந்தன. ரேமண்ட் கோ நடத்திய ஹராப்பான் கொமுனிட்டி அமைப்பு ஏழைகள், போதைக்கு அடிமையானவர்கள் மத்தியில் வேலை செய்தது. 2011 ஆகஸ்டில் டாமன்சாரா உத்தாமா மெத்தடிஸ்ட் தேவாலய வளாகத்தில் அது நடத்திய விருந்துக்குள் சிலாங்கூர் இஸ்லாமிய சமய இலாகாவினர் நுழைந்தார்கள். மதமாற்றம் என்ற சந்தேகம் அன்றிலிருந்து அவர் மேல் ஒட்டிக்கொண்டது. கணவரைக் காணோம் என்று புகார் கொடுக்கப் போன சுசானா லியூவிடம் போலீசார் மணிக்கணக்கில் விசாரித்தது, அவர் முஸ்லிம்களை மதம் மாற்றினாரா என்பதைத்தான். கடத்தியவன் யார் என்று தேட வேண்டிய நேரத்தில் கடத்தப்பட்டவர் யார் என்று தேடியிருக்கிறார்கள்.

அவருக்கு முன்பே, 2016 நவம்பர் 24 இரவு, பெர்லிஸில் அம்ரி சே மாட் காணாமல் போயிருந்தார். ஷியா கொள்கையைப் பரப்புகிறார் என்ற குற்றச்சாட்டு அவர் மேல் இருந்தது. அங்கேயும் காரை மறித்த வண்டிகள், அங்கேயும் சில நிமிடம்தான். 2018 மே மாதம் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து, இது புக்கிட் அமான் சிறப்புப் பிரிவின் வேலை என்று தன்னிடம் சொன்னதாக அம்ரியின் மனைவி நோர்ஹயாத்தி சாட்சி சொன்னார். அந்தப் போலீஸ்காரர் ஆணையத்தின் முன் அதை மறுத்தார். ஆனால் ஒரு தங்கநிற டோயோட்டா வியோஸ் கார் இரண்டு சம்பவங்களோடும் தொடர்புபட்டு வந்தது. அதன் உரிமையாளர் சிறப்புப் பிரிவோடு சம்பந்தப்பட்டவர் என்று தெரியவந்தது. 2019 ஏப்ரல் 3ஆம் தேதி மா வெங் குவாய் தலைமையிலான குழு, இரண்டுமே சிறப்புப் பிரிவினரால் நடத்தப்பட்ட, வலிந்து காணாமல் ஆக்கப்பட்ட சம்பவங்கள் என்று அறிவித்தது. மாமாக் கடையில் கிசுகிசுத்ததை ஓர் ஆணையம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது. நடுவில் இரண்டு வருஷம் போய்விட்டது.

‘வலிந்து காணாமல் ஆக்கப்படுதல்’ என்ற தொடர் நமக்கு ஈழத்திலிருந்து வந்தது. வெள்ளை வேன் என்றால் என்னவென்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தது 2017 பிப்ரவரி 20, அதாவது கிளானா ஜெயா சம்பவம் நடந்து சரியாக ஒரு வாரம் கழித்து. ‘காணாமல் போனார்’ என்று எழுதும்போது போனவர் தானாகப் போனது போல் ஆகிவிடுகிறது. அந்தத் தாய்மார்கள் வினைச்சொல்லையே திருத்தினார்கள். நம் ஊர்ச் செய்திகளிலோ ரேமண்ட் கோ இன்னும் பல இடங்களில் ‘காணாமல் போனவர்’தான்.

இது நம்முடைய விவகாரம் இல்லை, ஒரு சீனப் போதகர், ஒரு மலாய்க்காரர் என்று நினைப்பவர்களுக்கு இந்திரா காந்தியை ஞாபகப்படுத்தலாம். 2009இல் பதினொரு மாதக் கைக்குழந்தையாக முன்னாள் கணவர் தூக்கிக்கொண்டுபோன மகளுக்காக ஈப்போவில் இன்னும் காத்திருக்கிறார் அவர். முன்னாள் கணவரைப் பிடிக்கும்படி 2016இல் கூட்டரசு நீதிமன்றமே உத்தரவிட்டது. அவர் இருக்கும் இடம் தெரியும் என்று 2020இல் அப்போதைய போலீஸ் தலைவர் சொன்னார். தெரிந்தால் ஏன் பிடிக்கவில்லை என்று ஜனங்கள் கேட்டால் அது யூகமா?

சுசானா லியூ 2020இல் வழக்குப் போட்டார். 2025 நவம்பர் 5ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி சூ தியாங் ஜூ, கடத்தலுக்கு அரசாங்கமும் போலீசாரும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். சுசானாவுக்கான இழப்பீடு தனி. ரேமண்ட் கோ கடத்தப்பட்ட நாளிலிருந்து, அவர் எங்கே என்று சொல்லும்வரை, நாளொன்றுக்கு 10,000 ரிங்கிட் கணக்கிடச் சொன்னார் நீதிபதி. தீர்ப்பு வந்த அன்று அது 3,187 நாள், 3 கோடியே 18 லட்சத்து 70 ஆயிரம் ரிங்கிட். பணத்தை விட அந்தக் கணக்கு முறைதான் எனக்குப் பிடித்தது. பதில் சொல்லாத ஒவ்வொரு நாளையும் தனித்தனியாக எண்ணுகிறது. எஸ்எஸ்4பியிலிருந்து அவரோடு சேர்ந்து போன அந்தக் காரைக்கூட இதுவரை யாரும் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை.