கடைசித் தேதி என்ன?

2004. தில்லிக்கு வந்த புதிது. ஒரு கம்பெனியில் நேர்முகம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. (பேர் வேண்டாமே.) கடைசியில் அந்த மேனேஜர் அம்மணி சிரித்துக்கொண்டே, "குழந்தை ஏதாவது பிளான் இருக்கா?" என்றார். இப்போதைக்கு இல்லை என்றேன். உண்மையில் எனக்கு நாள் தள்ளிப்போய் பத்து நாள் ஆகியிருந்தது. வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் ரங்கமணி அப்பாவியாக, "அது அவங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார்.

எதுக்கு என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தேடிப் படித்தேன்.

நம்மிடம் வாயால் கேட்பதை ஒரு காலத்தில் ஃபாரத்திலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். 1989-ல் எல்.ஐ.சி.யில் அசிஸ்டென்ட் வேலைக்குத் தேர்வான பெண்கள் ஓர் உறுதிமொழிப் படிவத்தை நிரப்ப வேண்டும். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருக்கலைப்பு உண்டா என்றெல்லாம் கேள்விகள். தில்லியில் நீரா மாத்தூர் என்பவர் கடைசித் தேதி ஏப்ரல் 29 என்று எழுதினார். எல்.ஐ.சி.யின் டாக்டரே பரிசோதித்து, தகுதி உண்டு என்றார். செப்டம்பரில் வேலையில் சேர்ந்தார். டிசம்பரில் விடுப்பில் போனார், 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில், விடுப்பு முடிவதற்குள்ளேயே, வேலையிலிருந்து நீக்கிக் கடிதம். புரொபேஷன் காலம் என்பதால் காரணம் சொல்லவில்லை.

வழக்கு என்று வந்த பிறகு காரணம் வந்தது. பிரசவம் பார்த்த நர்சிங் ஹோம் பதிவில் தேதி ஏப்ரல் 3 என்று இருந்ததாம். 26 நாள் வித்தியாசம், ஆகவே பொய் சொல்லிவிட்டார்! தில்லி உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. உச்சநீதிமன்றம் 1991-ல் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அவர் வேலை சரியில்லை என்று காட்ட ஒரு தாள்கூட இல்லை, நீக்கியதற்குக் காரணம் அந்தப் படிவம்தான் என்றது. அந்தக் கேள்விகளையும் எடுக்கச் சொன்னது.

இதற்குப் பத்து வருஷம் முன்பு, 1981-ல், இன்னொரு தீர்ப்பு. ஏர் இந்தியா பணிப்பெண் முதல் முறை கர்ப்பமானாலே வேலை போய்விடும் என்றிருந்த விதியை அதே நீதிமன்றம் அடித்தது. ஆனால் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை இல்லை என்ற விதியை விட்டுவிட்டது. பாதிக் கிணறு.

ரங்கமணியின் கேள்விக்கு வருகிறேன். 1928-ல் பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால மசோதா வந்தபோது அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். இந்தச் செலவு மக்கள் நலனுக்கானது, பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1929-ல் சட்டம் வந்தது, பணம் கொடுக்க வேண்டியவர் ஆலை முதலாளி. 1961-ன் மத்தியச் சட்டமும் அதே வழிதான், ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருபவர்கள் தவிர. விடுப்பில் இருப்பவளை நீக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆளெடுக்கும்போது கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. 2017-ல் 12 வாரம் 26 ஆனது; சந்தோஷம்தான், ஆனால் முழுச் சம்பளமும் அதே கம்பெனி கணக்கில். அதனால்தான் வாசலிலேயே கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பணம் மட்டுமா என்றால், அதுவும் இல்லை. 2022 ஜனவரியில் ஸ்டேட் வங்கி, மூன்று மாதம் தாண்டிய கர்ப்பிணி தேர்வானாலும் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்' என்றது. அதற்கு முன் ஆறு மாதம் வரை சேரலாம். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே பின்வாங்கியது. ஜூனில் நம்ம சென்னை இந்தியன் வங்கியின் விதியில் 12 வாரம் என்று இருந்தது செய்தியாயிற்று. இந்த வங்கிகளுக்கா பணக் கஷ்டம்?

என் கதை? அஞ்சாம் மாசம் சொன்னேன். பிராஜெக்ட் மாற்றினார்கள், புரொபேஷனை நீட்டினார்கள், கடைசியில் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போது அந்தத் தீர்ப்பு வந்து 13 வருஷம் ஆகியிருந்தது, எனக்குத் தெரியாது.

போன மாசம் பக்கத்து ஃபிளாட் திருநெல்வேலிப் பெண் நேர்முகத்துக்குக் கிளம்பினாள். புதுசாகக் கல்யாணமானவள். "கேட்டா என்ன சொல்லணும் அக்கா?" என்றாள். இப்போதைக்கு இல்லை என்று சொல்லச் சொன்னேன்.