நடுக்கடலில் படகு மோட்டார் நிக்காம இருக்கணுமா? முதல்ல ஃபில்டரைப் பாருங்க

இப்போது பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20% வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். பழைய டேங்கில் படிந்த கசடையும் கிளப்பிவிடும். இரண்டும் போய் அடைப்பது ஃபில்டரைத்தான். அடைத்தால் இன்ஜின் பாதியில் நின்றுவிடும்.

எப்படி மாற்றுவது? இன்ஜின் ஆறட்டும். பக்கத்தில் நெருப்பே கூடாது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றுங்கள். கீழே துணி வைத்து, ஃபில்டரின் இருபக்க கிளாம்ப்பையும் தளர்த்தி உருவுங்கள். புது ஃபில்டரின் அம்புக்குறி, பெட்ரோல் இன்ஜினுக்குப் போகும் திசையில் இருக்கணும். கிளாம்ப்பை இறுக்கி, குழாயை மாட்டி, ப்ரைமர் பல்ப் கெட்டியாகும் வரை அமுக்குங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் ஸ்டார்ட் பண்ணாதீங்க.

பழைய ஃபில்டரில் தண்ணீர் தெரிந்தால் டேங்கையும் சுத்தம் செய்துவிடுங்கள். இல்லையென்றால் புதுசும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.