யாருடைய காலனி?

பனமலைக் குன்றின்மேல் இருக்கிற தாளகிரீசுவரர் கோயில் எட்டாம் நூற்றாண்டில் பல்லவன் ராஜசிம்மன் கட்டியது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அவன் வம்சத்தை அசுவத்தாமன் வரை கொண்டுபோகிறது. கல் சுமந்தவன் வம்சம் அதில் கிடையாது. சுவரில் மிஞ்சிய ஓவியத்தை ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தவர் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ராய். ஆக, இந்த ஊர் வரலாறு அரசனிடமிருந்து நேராக வெள்ளைக்காரனிடம் போய்விடுகிறது. நடுவிலிருந்த சேரி எங்கே போச்சு?

பின்காலனியம் பேசும் நம் பேராசிரியர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். அவர்கள் கணக்கில் ரெண்டே பேர்: ஆண்ட வெள்ளையன், அடிமைப்பட்ட இந்தியன். அந்த இந்தியனுக்குள்ளேயே ஊர் என்றும் சேரி என்றும் இருப்பது கணக்கில் வருவதில்லை.

வெள்ளைக்காரனை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 1843இல் அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் போட்டவன், மிராசுதாரின் பிடியை உடைக்கவில்லை. படியாள் படியாளாகவே கிடந்தான். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமையை அறிக்கையாக எழுதியதற்குப் பிறகுதான் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலமும் நம் கையில் தங்கவில்லை. அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். சுட்டது லண்டனிலிருந்து வந்த போலீசா? 1978இல் விழுப்புரத்தில் 12 தலித்துகளைக் கொன்றது எந்த அந்நியன்?

அதனால் ஒப்பிடுவதை நாம் வேறு இடத்திலிருந்து தொடங்கவேண்டும். வழி ஏற்கெனவே இருக்கிறது. 1873இல் புலே தம் ‘குலாம்கிரி’யை, கறுப்பர் அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

சினுவா அச்சிபியின் 1958ஆம் ஆண்டு நாவலான ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’, காலனியத்தால் சிதைந்த இக்போ சமூகத்தின் கதை என்று வகுப்பில் நடத்துகிறார்கள். அதே நாவலில் ‘ஓசு’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் வருகிறார்கள். தலைமுடி வெட்டவும் உரிமையில்லாதவர்கள். சர்ச்சுக்குள் வந்து முடியை மழித்துக்கொள்கிறார்கள். ஊர்க்காரனுக்குச் சிதைவாகத் தெரிந்தது ஓசுவுக்கு வாசலாகத் தெரிந்தது. ஆனால் உள்ளே போனபின் என்ன ஆச்சு என்று கேட்டால், 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ பதில் சொல்கிறது: அங்கேயும் சாதி உட்கார்ந்திருந்தது. இந்த ரெண்டு புத்தகத்தையும் சேர்த்து வாசித்தால், காலனியம் யாருக்கு எதைக் கொடுத்தது, எதைத் தொடாமல் விட்டது என்பது பிடிபடும்.

ஒப்பிலக்கியம் படிக்கிற தலித் மாணவர்கள் இந்த வேலையை எடுத்துச் செய்யவேண்டும். நைஜீரியாவைத் தமிழகத்தோடு வைத்துப் பார்க்கும்போது, முதலில் ஓசுவையும் சேரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.